பழுதைப் பார்க்காமல் பழுதுபார்க்க முடியுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப், ஆம்னி வேன், சின்ன லோடு வண்டி என்று பின்சக்கரத்துக்கு இழுவை போகும் வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். வண்டியே இல்லாதவர்களும் படிக்கலாம். விஷயம் வண்டியோடு நிற்கவில்லை.

தமிழில் 'பழுதுபார்த்தல்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. கழற்றுவது, தட்டுவது, மாற்றுவது எதையும் அந்தச் சொல் சொல்லவில்லை. பார்ப்பதைத்தான் சொல்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள், 'வேலை பார்த்தல்' என்பது போல இங்கே 'பார்' என்றால் 'செய்' என்றுதான் பொருள் என்பார்கள். இருக்கட்டும். எனக்கு முதல் பொருளே பிடித்திருக்கிறது. பழுதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட்டு உணர வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பேனருக்கு வேலை.

இன்று பல இடங்களில் அந்தப் 'பார்ப்பது' குறைந்துவிட்டது, மாற்றுவது கூடிவிட்டது. இதற்குப் பட்டறைக்காரர்களை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன். முதலில் ஒரு சின்ன உதிரிபாகத்தை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்குகள் அதை 'கிராஸ்' என்பார்கள். முழுப்பெயர் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ்.

கியர் பாக்ஸ் வண்டியின் சேஸிஸோடு நிற்கிறது. பின் ஆக்சிலோ பட்டையின் (ஸ்பிரிங் பட்டையைச் சொல்கிறேன்) மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று ஆட, இரண்டுக்கும் நடுவே சுழற்சியைக் கொண்டுபோவது புரொபெல்லர் ஷாஃப்ட் என்னும் நீளக் குழாய். குழாய் வளையாது. அதனால் அதன் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு தேவைப்படுகிறது. உண்டிவில் கவட்டை இரண்டை எதிரெதிராகக் குறுக்கே வைத்து, நடுவில் கூட்டல் குறி போல ஓர் இரும்புத் துண்டைக் கோத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கூட்டல் குறிதான் கிராஸ். அதன் நான்கு கால்களிலும் நான்கு மூடிகள். ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசி போன்ற உருளைகள், கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பில் ஹூக் விதி படித்திருப்பீர்கள். ஸ்பிரிங்கை இழுத்தால் எவ்வளவு நீளும் என்று சொன்ன அதே ராபர்ட் ஹூக்தான் 17ஆம் நூற்றாண்டில் இந்த மூட்டையும் ஆராய்ந்தவர். பொறியியல் புத்தகங்களில் இன்றும் ஹூக் ஜாயின்ட் என்று பெயர். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த இத்தாலியர் ஜெரோலாமோ கார்டானோ பெயரால் கார்டன் ஜாயின்ட் என்றும் சொல்வார்கள். ஆரம்ப காலத்துக் கார்கள் பலவற்றில் சைக்கிள் போலச் செயின்தான் சக்கரத்தை ஓட்டியது. 1904இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர் கார்களுக்காக இந்த மூட்டைத் தயாரிக்கத் தொடங்கினார். செயின் போய் ஷாஃப்ட் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தச் சின்னப் பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். அதாவது நிமிடத்துக்கு 1000 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 சுற்று. பின் ஆக்சிலின் பல் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் சுற்றுவது நிமிடத்துக்கு 1800 முறை. அத்தனை சுற்றிலும் அந்த ஊசி உருளைகள் முழுதாக உருள்வதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் அசைகின்றன, அவ்வளவுதான். ஒரே இடத்திலேயே அழுத்திக்கொண்டிருப்பதால், கிரீஸ் வற்றியதும் ஊசிகள் காலின் மேல் கோடு கோடாகப் பள்ளம் போடுகின்றன. பழைய அம்மிக் கல்லில் தேய்ந்த குழி மாதிரி.

இது உடைந்தால் என்ன ஆகும்? பின்பக்கக் கிராஸ் உடைந்தால் ஷாஃப்டின் பின்முனை தறிகெட்டுச் சுழன்று பிரேக் பைப்பையும் டீசல் பைப்பையும் அடிக்கலாம். முன்பக்கக் கிராஸ் உடைந்தால் இன்னும் மோசம். ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் ஊன்றி வண்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பு அறுந்துபோகிறது. மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஓட்டுநருக்கு, அந்தப் பிடிமானம் ஒரு நொடியில் போய்விடும்.

எங்கள் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போடியிலிருந்து விடிகாலையில் ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறுவதைத் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் பழைய வண்டிகள், நிறைய ஆட்கள். அந்த வண்டியின் அடியில் ஒரு கிராஸ் ஆடிக்கொண்டிருந்தால் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு.

நல்ல வேளையாக, கிராஸ் சொல்லாமல் கொள்ளாமல் போவது அபூர்வம். முன்கூட்டியே பேசும்.

முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கோ, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கோ மாற்றி கிளட்சை விடும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று எலி கத்துவது போல ஒரு தாளம். அந்தத் தாளம் சக்கரச் சுழற்சியைவிட வேகமாக இருக்கும், ஏனென்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றிவிடுகிறது. வேகம் கூடும்போது தரையிலும் சீட்டிலும் ஓர் அதிர்வு. கீழே குனிந்து பார்த்தால் கிராஸ் மூடியின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துரு. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அடியில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் இவற்றில் சில, வேறு பழுதுகளுக்கும் அடையாளம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, விட்டால் மாறுகிற சத்தம் கிரவுனுடையதாக இருக்கலாம். வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் இரைச்சல் சக்கர பேரிங். இன்ஜின் மவுண்டிங் கிழிந்திருந்தாலும், பட்டையின் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும், ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளில் ஒன்று லூசாக இருந்தாலும் 'டொக்' வரும். ஷாஃப்டின் மேல் சேறு அப்பி இருந்தால்கூட வேகத்தில் அதிர்வு வரும். ஒரு சத்தத்துக்கு ஆறு காரணம். அதனால்தான் 'பார்க்க' வேண்டும் என்கிறேன்.

போன மாதம் என் பழைய ஜீப்பில் இந்த 'டொக்' வந்தது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் வண்டியை எடுத்து முன்னும் பின்னும் ஒரு தடவை நகர்த்தினார். இறங்கினார். "கிரவுன் போச்சு சார். இறக்கி செட்டா மாத்திடலாம்" என்றார். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிரவுன் செட் என்றால் பல ஆயிரம். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அவனைக் கூப்பிட்டேன். சமதளமான முற்றம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். இன்ஜினை அணைத்துச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் ஜீப்பில் ஜாக்கி வைக்காமலே அடியில் போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. உயரம் குறைந்த வண்டி என்றால் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நீட்டவே கூடாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல.

சோதனை மிக எளிது. என் வண்டியில் கை பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது. கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்தால் ஷாஃப்டின் பின்முனை பிடிபட்டு நிற்கும். இப்போது ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருக வேண்டும். கண் கிராஸின் மேல் இருக்க வேண்டும். ஷாஃப்டின் கவட்டையும் கிரவுன் பக்கத்துக் கவட்டையும் ஒன்றாகச் சேர்ந்து கொஞ்சம் அசைந்தால், அந்த ஆட்டம் கிரவுனுக்குள் இருக்கிறது. பல்லுக்குப் பல் சிறிது இடைவெளி எந்த வண்டியிலும் இருக்கும். ஆனால் ஒரு கவட்டை அசைந்து, மற்றது சும்மா நின்றால், ஆட்டம் நடுவிலிருக்கும் கிராஸில். அடுத்து ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கியரைப் போட்டுக்கொண்டு இதே மாதிரி முன்பக்கக் கிராஸையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் அந்தக் கிராஸின் ஆயுள் முடிந்தது. அதில் வாதமே இல்லை.

பையன் அடியில் படுத்துத் திருகினான். நான் டார்ச் அடித்தேன். கிரவுன் பக்கம் அசையவே இல்லை. கிராஸின் ஒரு மூடி மட்டும் பல் ஆடுவது போல ஆடியது. அதன் ஓரத்தில் சிவப்புத் துரு. மொத்தம் இருபது நிமிடம்.

"சார், இது ஹூக்ஸ் ஜாயின்ட்தானே? போன செமஸ்டர்ல படம் வரைஞ்சு பதினாறு மார்க் கேள்வி எழுதினேன் சார்" என்றான் பையன். அதுவரை அவன் ஒன்றைக் கையால் தொட்டதில்லை.

மாற்றும் வேலையையும் வீட்டிலேயே செய்தோம். கடையில் கிராஸின் விலை சில நூறு ரூபாய்தான். செய்ய நினைப்பவர்களுக்காக முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லா இணைப்பிலும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மூட்டில் ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. 20 டிகிரி வளைந்து நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் 6 சதவீதம் கூடும், இரண்டு முறை 6 சதவீதம் குறையும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கவட்டைகள் ஒரே நேரில் இருந்தால், ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டிவிடும். கோடு போடாமல் கழற்றி, ஸ்பிளைனில் ஒரு பல் மாற்றிச் சொருகிவிட்டால், புதுக் கிராஸ் போட்டும் வண்டி உதறும்.

ஷாஃப்ட் கீழே வந்துவிட்டால் கியரில் போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. சில பழைய வண்டிகளில் கை பிரேக்கே ஷாஃப்டைத்தான் பிடிக்கும், அதுவும் போய்விடும். கட்டைதான் காப்பாற்றும். ஷாஃப்டின் முனை நேராகக் கியர் பாக்ஸுக்குள் சொருகியிருக்கும் வண்டிகளில், உருவியதும் ஆயில் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டிவிடுங்கள்.

கிராஸைப் பிடித்திருக்கும் நான்கு சர்க்ளிப்புகளையும் டீசல் ஊற்றித் துடைத்துக் கழற்றுங்கள். பிறகு மேசை வைஸில் ஒரு பக்கம் மூடியைவிடச் சின்ன சாக்கெட், மறுபக்கம் மூடியைவிடப் பெரிய சாக்கெட் வைத்து முறுக்கினால், சின்னது தள்ள, மூடி பெரியதற்குள் போய் விழும். சுத்தியலால் ஓங்கி அடிக்கிற வேலை வேண்டாம். ஷாஃப்டின் குழாயை வைஸில் இறுக்கவும் கூடாது. மெல்லிய தகடு, நசுங்கினால் சமநிலை போய்விடும்.

புதியதை மாட்டும்போது உள்ளே ஓர் ஊசி சரிந்து மூடியின் அடியில் படுத்துக்கொள்ளும். அப்போது மூடி முழுதாக உள்ளே போகாது, சர்க்ளிப்பின் பள்ளம் தெரியாது. நிறைய பேர் இந்த இடத்தில்தான் கோபப்பட்டு அடிக்கிறார்கள். அடிக்காதீர்கள். மூடியை வெளியே எடுத்து ஊசியை கிரீஸில் ஒட்டி நிமிர்த்தி வைத்து மறுபடி போடுங்கள். கிரீஸ் நிப்பிள் கிரீஸ் கன் எட்டுகிற பக்கம் பார்த்து இருக்கட்டும். எல்லாம் முடிந்து கையால் மடக்கினால் கிராஸ் எல்லாத் திசையிலும் இழுக்காமல் ஒரே மாதிரி அசைய வேண்டும். நான்கு மூடியிலும் கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். போல்ட்டுகளைக் கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்.

வைஸ் இல்லாதவர்கள், உடம்பு ஒத்துழைக்காதவர்கள், தனியாக இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். ஷாஃப்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் முழு வேலையையும் பட்டறையில் விடுங்கள். ஆனால் அந்த இருபது நிமிடச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்சக்கரத்தால் ஓடும் சின்னக் கார்களில் இந்த ஷாஃப்ட் இல்லை, அவற்றுக்குச் சோதனை வேறு. ஆனால் டிராக்டரில் ரோட்டவேட்டரை ஓட்டும் ஷாஃப்டிலும் இதே கிராஸ்தான். அதை இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டுமே தொட வேண்டும். சுற்றும்போது வேட்டி நுனி பட்டால்கூட ஆளையே சுற்றி இழுத்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கிறார். கெட்டிக்காரர். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "சார், ஒரு மணி நேரம் அடியில படுத்துப் பார்த்து, 'போல்ட்டுதான் லூசு, முறுக்கிட்டேன்'னு சொன்னா, 'இதுக்குப் போய்க் காசா?'னு கேக்குறாங்க. அதே ஆளு, கிரவுனை இறக்கி வெச்சா பேசாம கூலி கொடுக்குறாரு. பார்த்ததுக்குன்னு தனியா நூறு ரூபா கேட்டுப் பாருங்க, அடுத்த தடவை வேற பட்டறைக்குப் போயிடுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லை. டாக்டர் நாடி பார்த்து, மாத்திரையே எழுதாமல், "ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள்" என்று சொன்னாலும் பீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். அந்த நிம்மதிக்குத்தான் அந்தப் பணம். மெக்கானிக் அதையே சொன்னால் பணம் தர மறுக்கிறோம். புதுச் சாமானுக்கு மட்டும் காசு, மூளைக்குக் காசு இல்லை என்று நாம் வைத்திருக்கும் வரை, மூளையை ஓரமாக வைத்துவிட்டுச் சாமானை மாற்றுகிறவர்தான் பிழைப்பார். பார்க்கத் தெரிந்தவர் நஷ்டப்படுவார். கடைசியில் அவரும் பார்ப்பதை நிறுத்திக்கொள்வார். அப்புறம் மலையில் ஓடும் ஜீப்பின் அடியில் குனிந்து பார்க்க யார் இருப்பார்கள்? அந்த ஜீப்பின் கிரவுனை மாற்றிவிட்டுக் கிராஸை அப்படியே விட்டிருந்தால், பணம் போனது மட்டுமா நஷ்டம்?

வீட்டில் நாமே பார்த்துக்கொண்டால் மெக்கானிக் பிழைப்பு கெடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை அடியில் படுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். கூலியில் பேரம் பேசுகிறவர் பெரும்பாலும் அழுக்கே படாதவர்.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. பதினாறு மார்க்குக்குப் படம் வரைந்த பிள்ளைக்கு அந்தப் பொருளைக் காட்ட நமக்கு என்ன செலவு? எந்தப் பட்டறையின் பழைய இரும்புக் குவியலிலும் தேய்ந்த கிராஸ்கள் கிடக்கும். ஒன்றை ஆய்வகத்து மேசையில் வையுங்கள். விரலால் தடவி அந்த ஊசிப் பள்ளங்களைப் பிள்ளைகள் உணரட்டும். உராய்வு என்றால் என்ன, கிரீஸ் எதற்கு என்று அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதுவதை அது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

மூன்றே வேண்டுகோள். உங்கள் வண்டியில் 'டொக்' கேட்டால் மணிபர்ஸைத் திறப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள். எதை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் எதையும் மாற்றாமல், பார்த்து மட்டும் சரியாகச் சொன்னால், அவர் கேட்காவிட்டாலும் கூலி கொடுங்கள்.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், முக்கியமாக மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஓட்டுநர்களுக்கும் இதைப் பகிருங்கள். பட்டறைத் தொழிலில் இருப்பவர்கள் நான் விட்ட விவரம் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். ஆசிரியர்கள் யாருக்காவது வகுப்பில் காட்ட ஒரு தேய்ந்த கிராஸ் வேண்டுமானால் சொல்லுங்கள், கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.